ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மைசூரிலிருந்து பழைய கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், என் மனைவி பொன்மணி கேட்டாள், பயணம் எப்படி என்று. "நல்லபடியா வந்து சேந்தோம்" என்றேன். வந்து சேர்ந்தது உண்மைதான். 'நல்லபடியா' என்பதுதான் உறுத்துகிறது. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு என்ன போடலாம் என்று யோசித்து, பதினாறு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காரை ஓட்டியது நானில்லை. எனக்கு சைக்கிள்தான் தெரியும். தபால் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சிறு பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவன். ஓட்டியது சண்முகராஜ். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கிறவர், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. (தொழிற்சாலை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. குச்சி அடுக்குகிற இடமும் ஆபீஸ்தான்.) மைசூரில் ஒரு பல் டாக்டரிடம் அறுபத்து நாலாம் வருஷத்து பியட் இருப்பதைப் போனில் பார்த்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தனியாகப் போகக்கூடாது என்று அவர் மனைவி சுப்புத்தாய் சொல்லிவிட்டதால், துணைக்கு என்னைக் கூப்பிட்டார். ஏன் என்னை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. ஓய்வுபெற்றவன், சும்மா இருக்கிறவன், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"கரிசல் காட்டின் கறுப்புக்கு நடுவே, வெண்ணெய் நிறத்தில் ஒரு கார்…" (கார் வெளிர்ப்பச்சை. இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்கமாட்டேன்.)

"சண்முகராஜுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரி…" (தெரியும். அது பின்னால் வருகிறது.)

"திண்டுக்கல் தாண்டியதும் பெட்ரோல் வாடை வந்தது."

இது உண்மை. இதிலிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த வரியிலேயே, 'அப்ப ஏன்யா வாயத் திறக்கல?' என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு முந்தின நாள் திம்பம் மலைப்பாதை வேண்டும்.

3

திம்பத்தில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. அந்த இறக்கத்தில் மூன்று தடவை கத்தினேன்.

முதல் தடவை, "பிரேக்கு பிடிக்கல!" பிரேக் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர் கியரைக் குறைத்தார், வண்டி உறுமியது, அவ்வளவுதான். இரண்டாம் தடவை, "புகை வருது!" அது மலையில் இறங்கிய மேகம். மூன்றாம் தடவை எதற்குக் கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. எதிரே வந்த கரும்பு லாரியாக இருக்கலாம். சண்முகராஜ் ஓரத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதோடு விட்டாரா? சுப்புத்தாயைப் போனில் கூப்பிட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணாச்சி மூணு தடவ செத்துப் பொழச்சிட்டாவ, பாத்துக்க."

"அவிய பாவம், ஏன் பயங்காட்டுதீங்க?" என்றார் அந்தப் பக்கம் சுப்புத்தாய். அவர் குரலிலும் சிரிப்புதான்.

இனிமேல் வீடு போய்ச் சேர்கிறவரை வாயைத் திறப்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அறுபத்து மூன்று வயதில் ஒருவனுக்கு ரோஷம் வரக்கூடாது. எனக்கு வந்தது. ராத்திரி தாராபுரத்தில் தங்கியபோதும் சாப்பிட, படுக்க என்று இரண்டே வார்த்தைதான் பேசினேன்.

(இந்தப் பகுதி கொஞ்சம் சிரிப்பாக வந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும். சிரிப்பாகத்தான் இருந்தது, அன்றைக்கு.)

4

திண்டுக்கல் தாண்டியதும் பெட்ரோல் வாடை வந்தது. முதலில் லேசாக. பிறகு, கண்ணாடியை ஏற்றினால் தலை கிறுகிறுக்கிற அளவுக்கு.

சண்முகராஜைப் பார்த்தேன். அவர் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டு ஓட்டினார்.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை அப்போது நான் செய்தேன். எங்கள் ஊரில் சமையல் கேஸ் கசிந்தால்கூட கம்பெனிக்குப் போன் போடுவதற்கு முன்னால் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியைத்தான் கூப்பிடுவோம். அவர் வந்து மோந்து பார்த்து, "ஒண்ணுமில்ல, அடுப்பப் பத்த வைங்க" என்றால் பத்த வைப்போம். நெருப்பு விஷயத்தில் அவர்கள் சொன்னால் சொன்னதுதான். முப்பது வருஷம் தீக்குச்சி மருந்தோடு புழங்கிய மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்து விசிலடிக்கிறார். அவருக்குத் தெரியாத வாடையா எனக்குத் தெரிந்துவிட்டது?

ஆனாலும் ஒரு தடவை கேட்டேன். அதை நான் கேட்டேன் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். (இந்த வரியை ஒன்பது முறை அடித்துவிட்டு ஒன்பது முறை திரும்ப எழுதியிருக்கிறேன்.)

"சண்முகராஜு, ஏதோ வாட மாதிரி…"

"பழைய வண்டின்னா வாட இருக்கத்தான் செய்யும் அண்ணாச்சி. கண்ணாடிய எறக்கி விடுங்க."

கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

மதுரை தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். அவர் கடைக்குள் போனதும் குனிந்து பார்த்தேன். என்ஜினுக்கு அடியில் தார்ரோட்டில் ஒரு சொட்டு விழுந்தது. காய்ந்தது. அடுத்த சொட்டு. தண்ணீராக இருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டு விரலால் தொட்டு மோந்தேன். தண்ணீர் இல்லை.

அப்போது சொல்லியிருக்கலாம். அவர் டீ கிளாஸோடு வெளியே வந்தபோது சுப்புத்தாயின் போன் வந்தது. அரைமணிக்கு ஒரு தடவை வந்துகொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் ஊர் எல்லைக் கோயில் வாசலில் காருக்குப் பூசையை முடித்தாக வேண்டும். "வந்துட்டோம், வந்துட்டோம்" என்று ஓடிப்போய் ஏறினார். நானும் ஏறினேன்.

அந்தக் காலத்து பியட்டில் முன்கதவு தலைகீழாகத் திறக்கும். கீல் பின்பக்கம், கைப்பிடி முன்பக்கம். விருதுநகர், சாத்தூர் என்று ஊர்கள் போகப் போக, நான் அந்தக் கைப்பிடியில் கையை வைத்தபடி, எப்படித் திறந்து எந்தக் காலை முதலில் வெளியே போடுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவரை எப்படி வெளியே இழுப்பது என்று ஒரு தடவையும் ஒத்திகை பார்க்கவில்லை.

5

கோவில்பட்டிக்குள் நுழைவதற்கு முன்னால், நாற்கரச் சாலையை ஒட்டி ஒரு சின்ன அம்மன் கோயில். வெளியூரில் வாங்கிய வண்டி எதுவானாலும் அங்கே நிறுத்தி, திருஷ்டி கழித்துவிட்டுத்தான் தெருவுக்குள் கொண்டுபோவது அவர்கள் வீட்டு வழக்கம். வீட்டு ஆட்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். என்ஜினை அணைக்கக்கூடாது. அணைத்தால் அபசகுனம்.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். என்ஜினை ஓடவிட்டு இரண்டு பேரும் இறங்கினோம். சுப்புத்தாயின் மகள் இசக்கிச்செல்வி, எட்டு மாதக் கைக்குழந்தையோடு பின்சீட்டில் ஏறினாள்.

"பச்சப்புள்ள மொத மொத ஏறுதது வண்டிக்கு நல்லது" என்று சொல்லிக்கொண்டே சுப்புத்தாய் தேங்காயில் சூடத்தை வைத்தார். "ஏங்க, தீப்பெட்டி இருக்கா?"

சண்முகராஜ் சட்டைப்பையிலிருந்து தன் ஆபீஸ் பெட்டியை எடுத்தார்.

இனி நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன்.

(அ) "பத்த வைக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு இராமச்சந்திரன் ஓடினார். கதவை இழுத்துத் திறந்து குழந்தையை வாங்கி… [இராமச்சந்திரன் என்பது நான்தான். இந்த முடிவில் என்னைப் படர்க்கையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். 'நான் ஓடினேன்' என்று எழுதக் கை வரவில்லை.]

(ஆ) முதலில் பானெட்டுக்கு அடியில் நீலமாக ஒரு… [மாட்டேன். அந்தக் குழந்தை இப்போதும் நான்கு வீடு தள்ளித் தவழ்ந்துகொண்டிருக்கிறது. எழுத்தில்கூட அதன் பக்கம் தீயைக் கொண்டுபோக மாட்டேன்.]

(இ) நடந்தது. "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனேன். நின்ற இடத்தைப் பிறகொரு நாள் போய் அடி வைத்து அளந்தேன். காரிலிருந்து எழுபத்திரண்டு அடி. அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். சூடம் எரிந்தது. சுப்புத்தாய் தேங்காயைக் காரைச் சுற்றி மூன்று தடவை கொண்டுபோனார். மூன்றாவது சுற்றில் காற்றுக்குச் சுடர் பானெட் பக்கம் சாய்ந்தது. தேங்காய் உடைந்தது. சூடம் ஒட்டியிருந்த சில்லு, எரிந்தபடியே முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிப் போய் விழுந்து, அணைந்தது.

ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் மருமகன், பூசாரி, எல்லோரும் கை தட்டினார்கள். சக்கரம் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி இறங்கியது. நான் ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்து, திருநீறு பூசிக்கொண்டு, சுப்புத்தாய் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை வாங்கித் தின்றேன்.

முழுவதும் தின்றேன். இலையில் ஒரு பருக்கை வைக்கவில்லை.

6

இதுவரை எழுதியதைச் சண்முகராஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லாததால் காகிதத்தில் கொடுத்தேன். ஆபீஸின் முன்னறையில் நின்றுகொண்டே படித்தார். மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"மறுநாளே செண்பகராஜுகிட்ட வண்டிய விட்டேன். பெட்ரோல் போற ரப்பர் பைப்பு வெடிச்சிருந்திருக்கு. 'எவன் செஞ்ச புண்ணியமோ'ன்னான்."

செண்பகராஜ் மெக்கானிக்.

"எனக்கு வாடையே தெரியாது அண்ணாச்சி. கொரோனா வந்துட்டுப் போனதுலருந்து. நாலு வருசமாச்சு. மல்லிப்பூவும் ஒண்ணுதான், சாக்கடையும் ஒண்ணுதான்."

"வீட்டுல தெரியுமா?"

"சுப்புத்தாய்க்குத் தெரியாது. தெரிஞ்சா மருந்து கலக்குத ரூம் சாவிய அவ தம்பி கையில குடுத்துருவா. மருந்தப் பாக்குதவனுக்கு மூக்கு இல்லன்னா அப்புறம் என்ன மொதலாளி?" காகிதத்தை மடித்தார். "பழைய வண்டி. வழியில என்ன ஒழுகுதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் உங்களக் கூட்டிட்டுப் போனேன். எலி ஓடினாலே பதறுத ஆளு நீங்க. வாட வந்தா சும்மா இருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன். திம்பத்துல சிரிச்சிருக்கக் கூடாது."

"நான் கேட்டேனே, வாட வருதுன்னு…"

"கேட்டீங்க. ஒரு தடவதான கேட்டீங்க, இதுவும் சும்மா பயம்னு நெனச்சுட்டேன்." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க ரோட்டத் தாண்டிப் போனதப் பாத்தேன். ஒண்ணுக்குப் போறவன் திரும்பி நின்னு காரையே பாத்துட்டு இருக்க மாட்டான்."

"அப்பவே புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. கையில குச்சி எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"ஊதி அணைச்சிருக்கலாமே."

"அணைச்சா ஏன்னு கேப்பாவ. என்னத்தச் சொல்ல?"

ஒரு தீக்குச்சி எவ்வளவு நேரம் எரியும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு நேரம் அவர் யோசித்தார். பிறகு குச்சியைச் சூடத்தின்மேல் வைத்தார். உள்ளே அவர் மகளும் பேரப்பிள்ளையும் இருந்தார்கள்.

ஆறாவது பகுதியையும் எழுதுங்கள் என்று அவர் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "பேர மட்டும் மாத்திருங்க" என்றார். இன்னும் மாற்றவில்லை. சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் மருந்துரூமில் பதினோரு பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தினமும் காலையில் உள்ளே போய், மருந்து சரியாக இருக்கிறது என்று தலையாட்டிய பிறகுதான் அவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள்.

7

முடிவுக்கு இரண்டு வழி வைத்திருந்தேன். ஐந்தாம் பகுதியின் கைத்தட்டலோடு நிறுத்திவிடுவது ஒன்று. ஒரு கோழையைப் பற்றிய கதையாக அது நிற்கும், கோழை நான் மட்டும்தான். ஆறையும் சேர்ப்பது மற்றது. அதைச் சேர்த்தால் பதினோரு பேர் பிழைக்கலாம், ஒரு வீடு உடையலாம். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. காரில் வந்தபோது இருந்ததைவிடப் பயமாக இருக்கிறது.

இன்று காலை பத்து மணிக்கு சுப்புத்தாய் வந்தார், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. பொன்மணி நாற்காலி போட்டாள்.

"எங்க காரப் பத்திக் கதை எழுதுதீங்களாமே அண்ணாச்சி. படிச்சுக் காட்டுங்க, கேப்போம்."

"இன்னும் முடியலம்மா."

"முடிஞ்ச மட்டும் படிங்க." போனை எடுத்து நீட்டினார். "இதப் பாத்தீங்களா, சூடம் காட்டும்போது மருமகன் எடுத்தது. படத்துல பூசாரிகூட விழுந்திருக்காவ. உங்களத்தான் காணல. ரெண்டு நாளு ஒண்ணா வந்த ஆளாச்சே, எங்கன நின்னீங்க?"

"நாளைக்குச் சொல்லுதேன்மா" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

"நல்லா இருக்கே! நின்ன எடத்தச் சொல்லுததுக்கு நாளைக்கு வரைக்கும் எதுக்கு?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் மெல்ல நின்றது. படத்தை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். குழந்தையை இடுப்பிலிருந்து எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி?"

இதற்குமேல் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் எழுதுங்கள். ஆனால் சீக்கிரம் எழுதுங்கள், அவர் இன்னும் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.