கலோன் இருந்த இடம்

கவுன் விளிம்பிலும் கை ஓரத்திலும் அழகுக்கு வைத்துத் தைக்கிற பட்டை இருக்கிறதே, அதற்குப் புதுச்சேரியில் கலோன் என்று பெயர். சென்னைச் சரக்குக் கொண்டுவரும் கடைக்காரர்கள் எல்லாவற்றையும் லேஸ் என்பார்கள். லேஸ் ஓட்டை ஓட்டையாக இருக்கும். கலோன் நெருக்கமாக நெய்தது. இதுகூடத் தெரியாமல் கடை வைக்க வந்துவிடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வரும். முத்தியால்பேட்டையில் பத்து வருடத்துக்கு மேலாகத் தையல் மிஷின் மிதிக்கிறேன். கலோன் வைக்க வேண்டுமென்றால் கால்வாய்க்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரத் தெருக்களிலிருந்தும் என்னைத்தான் தேடி வருவார்கள்.

பிரெஞ்சுச் சிப்பாய்க்குப் பதவி உயர்ந்தால் சட்டைக் கையில் ஏறுகிற பட்டையும் கலோன்தான். என் புருஷன் இராமதாஸ் ஐம்பத்து மூன்றில் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறினார். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்.

"ஒரு கலோன் வரட்டும் ஆதிலட்சுமி. அது இருந்தாத்தான் பொண்டாட்டிய வச்சிக்க வீடு குடுப்பாங்க. வந்த அன்னிக்கே உன்னக் கூப்ட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரான்சில் மார்செய் பக்கத்து முகாமிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். என் மாமியார் செல்வாம்பாளுக்கு நலம் விசாரிப்பு, கொழுந்தன் வடிவேலுக்குப் புத்திமதி, கடைசி வரி எனக்கு: கலோன் இன்னும் வரவில்லை. ஆறு வருடமாக அதே வரி. இங்கே பிரெஞ்சுக் கொடியே இறங்கிவிட்டது, அவர் கையில் ஒரு பட்டை ஏறவில்லை. முகம் தெரியாத அவருடைய மேலதிகாரியை நான் திட்டாத நாள் இல்லை. யாருக்காவது கலோன் தைக்கும்போது, அவர் சட்டையில் தைப்பதாக நினைத்துக்கொள்வேன். அந்தக் கையை ஒருமுறை பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

ஐம்பத்தொன்பது மார்கழியில் அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி சக்கரபாணி லீவில் வந்தவர், பழைய காக்கிக் கோட்டு ஒன்றை நீட்டினார்.

"வடிவேலுக்கு வெட்டித் தச்சிக் குடுக்கச் சொன்னாரு அண்ணி. அவருக்குப் பட்டாளத்துல வேற கோட்டு குடுத்துட்டாங்க."

மாமியார் கோட்டை முகர்ந்து பார்த்து அழுதார். நான் கோட்டின் கைத்தையலைப் பிரிப்பதற்காக வெளிச்சத்தில் திருப்பினேன். துணியெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, இடது கையில் இரண்டு கோடுகள் மட்டும் அழுத்தமாகத் தெரிந்தன. ஓரமெல்லாம் ஊசித்துளை. கலோன் இருந்த இடம். கீழ்க்கோடு புதுத்துணி நிறத்தில் இருந்தது. கோட்டு புதிதாக இருந்தபோதே தைத்திருந்தால்தான் அப்படி இருக்கும். மேல்கோடு கொஞ்சம் வெளுத்திருந்தது. அது பிறகு வந்தது. உள்பையில் கோட்டு கொடுத்த வருடம் முத்திரை குத்தியிருந்தது: 1955.

நாலு வருடமாகக் கலோன் போட்டுக்கொண்டுதான் கலோன் வரவில்லை என்று எழுதியிருக்கிறார். நூல் மிச்சமில்லாமல் பொறுக்கிப் பிரித்தவர், யாரிடம் மறைக்கிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டார். மளிகைக்கடைக்காரிக்கு அனுப்பியிருந்தால் ஏமாந்திருப்பாள்.

அங்கே ஒருத்தி இருப்பாளோ என்று நினைத்தேன். இருந்தால் இருக்கட்டும், என்னையும் கூப்பிடட்டும் என்று அடுத்த நிமிஷமே நினைத்த மனசை எதால் அடிப்பது?

துணியை உள்வெளியாகத் திருப்பித் தைத்தேன். கோடுகள் உள்ளே போய்விட்டன. வடிவேல் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் மிடுக்காக நடந்தான்.

அந்த வாரம் பதில் எழுத உட்கார்ந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கலோன் எப்பதான் வரும்னு கேட்டு எழுதும்மா."

"எழுதறேன் அத்த."

கோட்டு வந்தது, வடிவேலுக்குச் சரியாக இருக்கிறது என்று எழுதினேன். அதன் கீழே இதையும் எழுதினேன்: கலோன் வராவிட்டால் பரவாயில்லை. வீடும் வேண்டாம். கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன்.