புல் வெட்டும் நாள்

ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்த வாடகை நாற்காலிகளைப் பிரித்து அவள் வாசலில் போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே அப்பாவின் போன் அடித்தது. அப்பா போய்விட்டார் என்று விடிந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தது. இருந்தும் எடுத்தாள்.

ஏரிப் பூங்காவில் புல் வெட்டும் வண்டி ஓட்டுபவர். அவருக்கு விஷயம் தெரியாது. வண்டியோடு வந்து நிற்கிறாராம், அண்ணன் எப்போது வருவார் என்று கேட்டார். அவள் சொன்னதும் வண்டியை அணைக்கும் சத்தம் கேட்டது.

"ஆபீஸ்ல இன்னிக்கே முடிச்சாகணும்னு சொல்லிட்டாங்கம்மா. முட்டை எங்கெங்க இருக்குன்னு அண்ணனுக்குத்தான் தெரியும். உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

சொல்லியிருந்தார்.

அப்பா அந்தப் பூங்காவின் காவலர். கரைப் புல்லுக்கு நடுவே, வெறுந்தரையில் ஆள்காட்டிப் பறவைகள் முட்டையிடும். வருடா வருடம் வண்டிக்கு முன்னால் நடந்துபோய் ஒவ்வொரு கூட்டின் மேலும் காலை அகட்டி நிற்பார். வண்டி அவரைச் சுற்றிக்கொண்டு போகும். அடையாளத்துக்குக் குச்சி நடச் சொன்னால் சிரிப்பார். "குச்சி நட்டா காக்காவுக்கு விலாசம் எழுதிக் குடுத்த மாதிரி."

பத்து நாள்தான் படுக்கை. போன வாரம் அவள் விரிப்பை மாற்றும்போது, எந்த பெஞ்சிலிருந்து எத்தனை எட்டு என்று ஒவ்வொரு இடமாக மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். ஈரத் துணி கையில் கனத்தது. சரிப்பா, சரிப்பா என்றாள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். சொல்லியாகிவிட்டது என்று நம்பியவர் மறுபடி ஏன் சொல்லப்போகிறார்?

செருப்பை மாட்டும்போது அத்தை பார்த்துவிட்டாள். "மூணு மணிக்கு எடுக்கணும். எங்கடி கிளம்பற?"

ஏரிக்குத்தான், இதோ வந்துவிடுகிறேன் என்றாள்.

"செத்தும் அந்த ஏரி என் தம்பிய விடல பாரு."

புல் முழங்கால் உயரம் நின்றது. ஓட்டுநர் வண்டியருகே காத்திருக்க, அவள் ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து வைத்தாள். தலைக்கு மேல் பறவைகள் வட்டமடித்துக் கத்தின. எந்தக் கத்தல் எந்தக் கூட்டுக்கு என்று அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். அவள் கண்ணில் ஒரு முட்டைகூடப் படவில்லை. வெயில் ஏறியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்காரவும் பயமாக இருந்தது.

வந்த தடத்திலேயே திரும்பினாள்.

"எங்க விட்டு வெட்டட்டும்?"

"எங்கயும் வெட்ட வேண்டாம்ணே. இந்த மாசம் முழுக்கத் தொட வேண்டாம்னாரு அப்பா."

"அண்ணனா? எப்பச் சொன்னாரு?"

"போன வாரம்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். "பெல்ட் அறுந்துபோச்சுன்னு சொல்லிக்கறேன். கொஞ்ச நாள் தள்ளிப்போகும்" என்று சாவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீட்டில் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரோ நகர்ந்து அப்பாவின் காலருகே இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்து, தன் உடுப்பின் ஓரத்தில் ஒட்டியிருந்த புல்விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கீழே போடவில்லை. உள்ளங்கையில் சேர்ந்துகொண்டே இருந்தன.