நான்காம் டெர்மினல்

பழைய சர்வரில் கண்காணிப்புக் கருவியைப் பொருத்தும் வேலை சிஸ்டம் அட்மின் மேடத்தின் தலையில் விழுந்தது. சர்வரின் அடிநாதமான கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு எந்த நிரல் எழுந்தது, எதைத் தொட்டது, எங்கே தோற்றது என்று ஒன்றுவிடாமல் குறிக்கிற கருவி அது. ஓடவிட்டதுமே திரை நிரம்பி வழிந்தது. ஊர்வம்புக்காரிக்குக்கூட இத்தனை செய்தி தெரியாது.

வேண்டாததை வடிகட்டும் விதிகளை எழுத எழுத, சத்தம் அடங்கியது. ஒன்று மட்டும் அடங்கவில்லை. தினமும் மாலையில் ஒரு குட்டி நிரல் எழுந்து, நான்காம் டெர்மினலுக்குச் செய்தி அனுப்பப் பார்த்து, அப்படி ஒன்றே இல்லை என்று திட்டு வாங்கிப் படுத்துக்கொண்டது.

நான்காம் டெர்மினல் என்பது மேடத்தின் பழைய மேசையில் இருந்த திரை. நிரலை எழுதியவள் பக்கத்து மேசைக்காரி, சுருட்டை. வேலைக்கு நடுவே திரையில் பச்சை எழுத்தில் "டீக்கு வாடி" என்று வந்து குதிக்கும். இவள் திட்டிக்கொண்டே எழுவாள். பின்படியில் நின்று மேனேஜரைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள். என்ன நாட்கள் அவை!

பதவி உயர்வு வந்தது. கண்ணாடி அறைக்கு மாறினாள்; பழைய மேசையின் டெர்மினலைக் கழற்றிவிட்டார்கள். அழைப்பு நின்றது. சுருட்டைக்குப் பொறாமை என்று நினைத்து முறுக்கிக்கொண்டாள். நாலு எட்டு நடந்து கேட்க இருவருக்குமே கால் வரவில்லை. கம்ப்யூட்டரை நம்பிப் பிழைக்கிறவர்கள் அல்லவா! சுருட்டை சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுப் போனாள்.

மேடம் நிரலைத் திறந்து பார்த்தாள். அனுப்ப முடியாவிட்டால் வாயைத் திறக்காதே என்று சுருட்டையே அதில் எழுதியிருந்தாள். இத்தனை வருடம் எந்தப் பதிவிலும் மூச்சே இல்லாததற்கு அதுதான் காரணம்.

சுருட்டையின் பழைய போன் எண்ணை அழைத்தாள்.

"நான்தான்டி. உன் புரோகிராம் இன்னும் என் பழைய மேசைக்கே கூப்பிட்டுக்கிட்டு இருக்கு."



"டெர்மினல் நம்பரை மாத்தவே இல்லையா நான்? அடக் கடவுளே! பெரிய ஆளாயிட்ட, இனிமே நம்மளோட வரமாட்டன்னு நெனச்சேன்."

"நேர்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டிருக்கக் கூடாதா?"

மேடம் திரையில் "டீக்கு வாடி" என்ற வரியைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் வராதப்பவும் பின்படியில வந்து நின்னியா?"

"நின்னேன்."

"எத்தனை நாள்டி?"

"வேலையை விடற வரைக்கும்," என்றாள் சுருட்டை.