ஏழரை மணி ஜெயில்

எங்கள் தையல் யூனிட்டில் நாற்பது பெண்கள். அதில் முப்பத்தொன்பது பேர் டிவியில் வரும் அந்த ஜெயில் நாடகத்தைப் பார்க்கிறவர்கள். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழரைக்கு. செய்யாத கொலைக்காக உள்ளே போன ஒருத்தியின் கதை. புருஷனைக் கொன்றது மாமியார், பழி இவள் தலையில். ஆறு மாதமாக அழுகிறாள். கண்ணில் தீட்டிய மை மட்டும் இன்றுவரை கலையவில்லை. அதனால் எனக்கு அவள் மைக்காரி.

மறுநாள் காலை மெஷின் ஓடத் தொடங்கும் முன்பே பேச்சு ஆரம்பமாகிவிடும்.

"பாவம்டி, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாளே, எனக்குச் சோறே எறங்கல" என்பாள் காலர் தைக்கிறவள். இரண்டு தட்டு சாப்பிட்டிருப்பாள். பக்கத்து மெஷின்காரியின் விரலில் ஊசி ஏறினால் சட்டையில் ரத்தம் பட்டதா என்று பார்க்கிறவள் அவள். இவர்களுக்கு ஜெயில் என்றால் அவ்வளவு இஷ்டம். தாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதைத் தினமும் அரை மணி நேரம் உறுதி செய்துகொள்ளலாம். கூடவே கண்ணீர் விட்டு நல்லவளாகவும் ஆகிக்கொள்ளலாம்.

நானும் பார்க்கிறேன். எங்கள் வீடு ஒரே அறை. பார்க்காமல் எங்கே போவது?

பார்க்காத நாற்பதாவது ஆள் என் அத்தை, அப்பாவின் தங்கை. அவள் மூன்று வருஷம் நிஜமான ஜெயிலில் இருந்துவிட்டு வந்து எங்களோடு தங்கியிருப்பவள். கொழுந்தனை இஸ்திரிப் பெட்டியால் அடித்தாள். அவனுக்கு ஒரு காது போயிற்று. யூனிட்டில் இது யாருக்கும் தெரியாது. வெளிநாட்டில் ஒரு வீட்டில் வேலை செய்தாள் என்று, எங்கள் யூனிட்டிலேயே செக்கிங் பார்க்கும் அம்மா சொல்லிவைத்திருந்தாள். உள்ளே கற்ற தையல் அத்தைக்குக் கைகொடுத்தது. ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் ஆளை நிரந்தரமாக எடுப்பார்கள். எடுத்துவிட்டால் யூனிட் விடுதியில் ஒரு கட்டில் உண்டு. அத்தை அந்தக் கட்டிலுக்காகத்தான் தலை நிமிராமல் தைத்தாள். அம்மாவும் அந்தக் கட்டிலுக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். வெள்ளிக்கிழமை யூனிட்டை நடத்தும் மேடம் முடிவு சொல்வதாக இருந்தது.

வீட்டில் ஏழரை ஆனால் அத்தை டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடிப்பாள். காதில் விழுவதற்கு மட்டும் பதில் சொல்வாள்.

"என்ன அண்ணி, சாப்பிடக் கூப்பிடறாங்களா? எண்ணி முடிக்காம எவ கூப்பிடுவா? மூணு மூணு பேரா குந்த வச்சு எண்ணணும். ஒருத்தி கொறைஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து."

"நீ சும்மா இரு. அவ அழறது கேக்கல."

"அழறவ பக்கத்துல யாரும் பாய் போட மாட்டாங்க. தூக்கம் கெடும்."

"ஒன்னை மாதிரி கல்லு நெஞ்சுக்காரிங்க இருக்கற இடத்துல அவ என்னதான் பண்ணுவா!" என்று அம்மா மூக்கைச் சிந்துவாள்.

ஆனால் அத்தை சொன்ன ஒவ்வொன்றையும் அம்மா பத்திரமாக முடிந்துகொண்டாள். மறுநாள் யூனிட்டில் டீ நேரத்தில் அவிழ்ப்பாள். "நாடகத்துல தப்பா காட்டறாங்கடி. உள்ள கண்ணாடி வளையல் போட விடமாட்டாங்க." "சோப்பை நூல் வச்சு நாலா அறுத்து வச்சுக்கணும், இல்லாட்டி போயிடும்." எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பதினைந்து வருஷமாகப் பிசிறு பார்த்து, பட்டன் பார்த்து, சட்டைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த செக்கிங்காரியை அதுவரை யாரும் மதித்ததில்லை. இப்போது அவளுக்குப் பெஞ்சில் நடுவே இடம் விட்டார்கள். அத்தை ஓரத்தில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு எழுந்து போவாள். இரண்டு முறை என்னிடம் மட்டும், "உங்கம்மாவைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுடி" என்றாள். நான் சொல்லவில்லை. அம்மாவிடம் எதையாவது சொல்ல நான் மூன்று நாள் ஒத்திகை பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை டீ நேரம். முந்தின நாள் மைக்காரி இருட்டு அறையில், நீல வெளிச்சத்தில் பாட்டுக்கு அழுதிருந்தாள்.

"இருட்டாவது!" என்றாள் அம்மா. "அங்க லைட்டை அணைக்கவே மாட்டாங்க. விடிய விடிய எரியும். அதே பழகிப்போயி, வெளிய வந்த பெறகும் இருட்டுல கண்ணு மூடாது. பல்பு எரிஞ்சாத்தான் தூக்கம்."

காலர்க்காரி டம்ளரைக் கீழே வைத்தாள். "அவதான் இன்னும் வெளியவே வரலையே. நீ யாரைச் சொல்ற?"

"பொதுவாச் சொன்னேன்."

"பொதுவா இல்ல. நாத்தனார் வந்ததுலேர்ந்து பல்பை அணைக்க விடமாட்டேங்கறான்னு நீதானே போன மாசம் பூரா பொலம்பின?"

முப்பத்தொன்பது தலைகளும் பெஞ்சின் ஓரத்துக்குத் திரும்பின. அத்தை மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தாள்.

"ஆமா, மூணு வருஷம் உள்ள இருந்தேன்" என்றாள்.

நான் பயந்தது நடக்கவில்லை. யாரும் விலகவில்லை. மொய்த்தார்கள். டிவிக்குள்ளிருந்து மைக்காரியே இறங்கி வந்துவிட்ட மாதிரி ஒருத்தி அத்தையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். அடிப்பாங்களா அக்கா? உள்ளேயே ரவுடிங்க இருப்பாங்களாமே? தப்பிச்சுப் போக யாராவது சுவத்துல ஓட்டை போட்டாங்களா?

"ஒண்ணும் நடக்காது" என்றாள் அத்தை. "நேத்து மாதிரியே இன்னிக்கு. இன்னிக்கு மாதிரியே நாளைக்கு. அதைத்தான் தண்டனைன்னு குடுக்கறாங்க."

கூட்டத்துக்கு அது பிடிக்கவில்லை. காலர்க்காரி கடைசி நம்பிக்கையோடு கேட்டாள், "செய்யாத தப்புக்குத்தானே அக்கா போனீங்க?"

அம்மா அத்தையைப் பார்த்தாள். 'ஆமா'ன்னு சொல்லித் தொலையேன் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. சொல்லியிருந்தால் அங்கேயே முப்பத்தொன்பது முந்தானைகள் கண்ணுக்குப் போயிருக்கும். கட்டிலோடு மெத்தையும் கிடைத்திருக்கும்.

"செஞ்சதுக்குத்தான். கொழுந்தனை இஸ்திரிப் பெட்டியால அடிச்சேன்."

"எதுக்கு?"

"அது கோர்ட்டு கேட்டது. அங்க சொல்லிட்டேன். உங்களுக்கு எதுக்கு?"

பிடித்திருந்த கை தானாக விட்டது. காலர்க்காரி தன் டிபன் பாக்ஸை எடுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது.

மாலை மேடம் அத்தையைக் கூப்பிட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தையல் சுத்தமா இருக்கு. விடுதியில இவளோட படுக்க மாட்டோம்னு மத்தவங்க சொல்றாங்க. நான் என்ன பண்ண?" மேடமும் நாடகம் பார்க்கிறவள்தான். அத்தை மெஷினில் கிடந்த பதினோரு சட்டைக் கைகளுக்கும் பட்டி வைத்து முடித்தாள். அவள் அழுவாள் என்று எல்லோரும் கிளம்பாமல் நின்றார்கள். அழவில்லை.

"பாரேன், நெஞ்சழுத்தம்" என்று ஏமாற்றத்தோடு கலைந்தார்கள்.

மறுநாளே அம்மாவுக்குப் புது மவுசு. "அவளை வீட்டுல வச்சுக்கிட்டு எப்படிக்கா தூங்கற?" என்று கேட்டார்கள். "என்னத்தச் சொல்ல, அரிவாமனையை ஒளிச்சு வச்சுட்டுத்தான் படுக்கறேன்" என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் காய் நறுக்குவதே அத்தைதான். நான் என் பட்டன் மெஷினில் பட்டனை வைத்துக் காலால் அழுத்தினேன். நாலு துளையில் மூன்றில்தான் நூல் ஏறியது. அந்தச் சட்டையை அம்மா என்னிடமே திருப்பி எறிந்தாள்.

அன்று மாலை அம்மாவும் நானும் ஏழே காலுக்கு வீட்டுக்கு வந்தால் கதவில் பூட்டு. வீட்டுக்கு ஒரே சாவி. அத்தை வேலை தேடப் போயிருந்தாள். அப்பா வண்டி ஓட்டிவிட்டு வரப் பத்து மணியாகும். பக்கத்து வீட்டில் நாடகத்தின் பாட்டு தொடங்கியது. அந்த வீட்டுக்காரியோடு அம்மாவுக்குப் பேச்சில்லை. அம்மா சுவரில் காதை வைத்து நின்றாள்.

"ஜாமீன் கெடைக்குதா பாரு... அடச்சே, விளம்பரம்."

அத்தை எட்டே காலுக்கு வந்தாள். அவசரப்படவில்லை. செருப்பை உதறிவிட்டுச் சாவியை எடுத்தாள்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? கெடைச்சுதா இல்லையா?"

"நாலு எடம் கேட்டேன். உள்ள இருந்தேன்னு மொதல்லயே சொல்லிட்டேன். நாலுலயும் இல்லன்னுட்டாங்க."

"வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன?"

"நான் மூடிக்கிட்டுத்தான் இருந்தேன் அண்ணி."

அத்தை கதவைத் திறந்து பல்பைப் போட்டாள். சாவியை ஆணியில் மாட்டாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நாளைக்கும் போவேன். தெனமும் போவேன், வர எட்டே காலாகும். கெடைக்கற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கும்."