காற்றில் நிற்கும் வண்டி

கதவைத் திறந்தால் படி தானாக வெளியே வர வேண்டும். காற்றின் விசையில் இயங்கும் இரும்புப் படி. பழைய பஸ் ஒன்றை வீடாக மாற்றிய அந்த மோட்டர்ஹோமில் குணசீலனுக்குப் பெருமையே அதுதான். முந்தின நாள் சம்பந்திக்கு அதைக் காட்டப்போன நேரம் பார்த்துப் படி பாதியில் நின்றுவிட்டது. மகளைப் பார்க்கத் திருச்சியிலிருந்து கடல் கடந்து கிரவீனுக்கு வந்திருந்த கோபாலகிருஷ்ணன், கைப்பிடியில் தொங்கித்தான் ஏறினார். பரவாயில்லை என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னதுதான் குணசீலனைத் தூங்கவிடவில்லை.

காலையில் பிள்ளைகள் வேலைக்குப் போனதும் அவர் தொடங்கிவிட்டார். சுவிட்சை அழுத்தினால் வால்வு டிக் என்றது. ஆகவே கரண்டில் பிழையில்லை, காற்றுத்தான் எங்கோ கசிகிறது. எஞ்சினை ஓடவிட்டார். காற்று நிரம்ப நிரம்ப வண்டி சக்கரங்களின் மேல் எழும்பியது. சம்பந்தியைச் சாரதி இருக்கையில் இருத்தி, சொல்லும்போது எஞ்சினை நிறுத்தினால் போதும் என்றுவிட்டு, கசியும் இடத்தில் நுரை எழும் என்று சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலோடு அடியில் ஊர்ந்து போனார்.

அவருடைய மனைவி தனேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தபோது இருக்கையில் ஆளில்லை. கோபாலகிருஷ்ணன் முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தியிருந்தார். டயருக்கும் மேலே இருந்த தகரத்துக்கும் நடுவே விரல்களை நுழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி எழும்பியபோது போன நான்கு விரல் இப்போது போகவில்லை. மூன்றுதான் போனது. அவளைக் கண்டதும் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

முப்பது வருடம் பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே அடியில் இறங்குவதென்றால் வண்டி இறங்காமல் தாங்கக் கட்டை கொடுத்துவிட்டுத்தான் இறங்குவோம் என்று, வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். வண்டியின் அடியில் கட்டை எதையும் தனேஸ்வரி காணவில்லை. இதை இவருக்குச் சொன்னீங்களா என்று கேட்டாள். சொன்னாராம். உங்கட ஊர் பஸ் வேறை, இது வேறை என்று குணசீலன் சிரித்தாராம். பெண்ணைக் கொடுத்தவர் அதற்குமேல் என்ன சொல்வார்?

அடியிலிருந்து சத்தம் வந்தது.

"சம்பந்தி, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. இந்த இரைச்சலுக்க எங்க சீறுதெண்டு கேக்கேல்லை."

கோபாலகிருஷ்ணன் ஏறிப்போய் உட்கார்ந்தார். சாவியில் கை வைத்தார். ஆனால் திருப்பவில்லை. அவளைப் பார்த்தார்.

"நிப்பாட்டினா என்ன நடக்கும் அண்ணை?"

"பிரேக், படி, பாடி, எல்லாம் ஒரே காத்துலதான் நிக்குதும்மா. எஞ்சின் நின்னா புதுக் காத்து வராது."

"உடன இறங்குமோ?"

"சில வண்டி அரை நாள் நிக்கும். சில வண்டி நிக்காது." குரலைத் தாழ்த்தினார். "இது எஞ்சின் ஓடறப்பவே ஒரு விரல் இறங்கியிருக்கு."

வெளியே தெரிந்த குணசீலனின் பாதம் ஒன்று பொறுமையில்லாமல் ஆடியது.

"என்ன, சாவி எதெண்டு தெரியேல்லையோ? முப்பது வருசம் டெப்போவில தேத்தண்ணியோ ஊத்தினனீங்கள்?"

கோபாலகிருஷ்ணனின் முகம் சுண்டியது. சாவியைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"கையை எடுங்கோ அண்ணை."

சம்பந்தியிடம் அப்படியொரு குரலில் அவள் பேசியதில்லை. அவர் சுட்டதுபோல எடுத்துவிட்டார்.

தேத்தண்ணிக் கோப்பைகளைப் புல்லில் வைத்துவிட்டு அவள் குனிந்தாள். வெளியே வரச் சொன்னாள். கசியிற இடம் கைக்கெட்டிய தூரத்திலதான் இருக்குது, நீ உன்ரை வேலையைப் பார் என்று பதில் வந்தது. இன்னொரு தரம் சொன்னாள். வெளியே தெரிந்த பாதமும் உள்ளே போனது. அவள் சேலையைச் செருகிக்கொண்டு புல்லில் படுத்து, தலையை உள்ளே நீட்டினாள். டீசல் மணந்தது. அவருடைய மூக்குக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"நீங்கள் வாறியளோ, நான் உள்ள வரட்டோ?"

"சம்பந்தி பாக்கிறார், எழும்பு."

"பாக்கட்டும்."

அவள் தோள்வரை நுழைந்துவிட்டாள். அதன்பிறகுதான் அவர் ஊர்ந்து வெளியே வந்தார், சட்டையெல்லாம் சவர்க்கார நுரையோடு. அவளையும் பார்க்கவில்லை, சம்பந்தியையும் பார்க்கவில்லை. ஏறிப்போய், கோபாலகிருஷ்ணனைத் தாண்டிக் கையை நீட்டித் தானே எஞ்சினை நிறுத்தினார்.

அமைதி வந்தது. அதற்குள்ளே சீறல். மூவருக்கும் கேட்டது. ஒன்றல்ல, இரண்டு மூன்று இடங்களிலிருந்து.

வண்டி முதலில் அசையவில்லை. குணசீலன் எதையோ சொல்ல வாயெடுத்தார். அப்போது கதவுப் பக்கம் முழுவதும் ஒரு பெருமூச்சோடு கீழே உட்கார்ந்தது. அடியில் போத்தல் நொறுங்கியது. அவர் படுத்திருந்த இடத்தில் புல் மடிந்திருந்ததைத் தனேஸ்வரி சற்றுமுன்தான் பார்த்திருந்தாள். அந்தப் புல் இப்போது தெரியவில்லை. இரும்பு தெரிந்தது.

சட்டையிலிருந்த நுரையை வழித்துவிட்டுக் குணசீலன் கேட்டார்.

"நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சம்பந்தி."

"ஒருக்காத்தானே சொன்னனீங்கள்."