ராசியான பெல்ட்

உயரத்திலிருந்து விழுந்த ஆள் பிழைத்துவிட்டால், அவனைப் பிடித்து நிறுத்திய பாதுகாப்பு பெல்ட்டை வெட்டிப் போட வேண்டும். என் வேலையில் இது சட்டம். ஒரு தடவை ஆள் எடையைத் தாங்கி இழுபட்டதும் பெல்ட்டின் ஆயுசு முடிந்துவிடுகிறது. உள்ளே எந்த இழை தெறித்தது, எந்தத் தையல் விட்டது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள், பூம்பூம் மாடு தோற்றுப்போகும். அப்புறம் அவரவர் இஷ்டத்துக்கு நடப்பார்கள்.

கீரனூருக்குப் பக்கத்தில், திருச்சி ரோட்டில் ஒரு குடோன் எழும்பிக்கொண்டிருந்தது. இரும்புத் தூண்கள், மேலே தகரக் கூரை. நான் அங்கே சேஃப்டி ஆபீசர். திருக்கோகர்ணத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நின்றுகொண்டே வேலை பார்த்து, நின்றுகொண்டே வீடு திரும்புகிற ஜென்மம்.

கூரையில் தகரம் பூட்டிக்கொண்டிருந்த நாகராசு ஒருநாள் வழுக்கி விழுந்தான். பெல்ட் பிடித்துக்கொண்டது. அந்தரத்தில் தொங்கியவனைக் கிரேன் கூடை வைத்து இறக்கினோம். தொடையில் பட்டை பட்டையாகக் கன்றியிருந்தது, மற்றபடி ஆள் முழுசாக இருந்தான். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது பெல்ட் அவன் உடம்பிலேயே போய்விட்டது. அங்கே அதைக் கழற்றி அவன் பெண்டாட்டி செவந்தியிடம் கொடுத்திருக்கிறார்கள். அவளும் எங்கள் சைட்டில்தான் சித்தாள். அவள் நேரே கண்மாய்க்கரைக் கருப்பர் கோயிலுக்குப் போய், பெல்ட்டை மஞ்சள் தண்ணீரில் அலசி, சந்தனம் குங்குமம் வைத்து, அங்கே நட்டிருந்த அரிவாளில் மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து சைட் முழுக்க அதற்கு ஒரே பெயர்தான், ராசியான பெல்ட். அதைப் போட்டுக்கொண்டு ஏற ஆளாளுக்கு ஆசை.

வலி தீர்ந்து திரும்பி வந்த நாகராசுக்கு வேறு பெல்ட் மாட்டிவிட்டோம். ஏணியில் பாதி ஏறியவன் அப்படியே கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்கினான்.

"அந்த பெல்ட்ட எடுத்துக் குடுங்க மேடம், ஏறிருவேன். வேற எதைப் போட்டாலும் காலு ஆடுது."

சூப்பர்வைசர் ரகுநாத்துக்குக் கூரை முடிந்தால் போதும். "குடுத்துத் தொலைங்களேன் மேடம். தாங்கின பெல்ட்டுதானே? ஐ.எஸ்.ஐ. முத்திரைகூட இருக்கு" என்றார். பிறகு நாகராசு காதில் விழுகிற மாதிரியே, "ஏறலைன்னா வேற ஆள் பாக்க வேண்டியதுதான்" என்றும் சொன்னார். கூரை வேலை தவிர நாகராசுக்கு வேறொன்றும் தெரியாது. அவன் முகம் சுண்டிப்போனது. எனக்கு ரகுநாத்தை அறைய வேண்டும் போலிருந்தது.

"அந்த முத்திரை, இன்னும் விழாத பெல்ட்டுக்கு சார். இது விழுந்து எந்திரிச்சது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அந்த விபத்தின் புண்ணியத்தில் முதலாளி புது பெல்ட் பத்து வாங்கிக் கொடுத்தார். அதற்கு முன் நான் கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். புதுசு மேல் இவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்று ஒரு காரியம் செய்தேன். பத்தில் ஒன்றை எடுத்து, கனத்த ஆள் எடைக்கு மணல் மூட்டை கட்டி, மேலே இரும்பில் பெல்ட்டை மாட்டி, எல்லாரும் பார்க்க மூட்டையைத் தள்ளிவிடச் சொன்னேன். மூட்டை சரேலென்று இறங்கியது. வெடுக்கென்று நின்று ஆடியது. எல்லாரும் கை தட்டினார்கள். நாகராசு மட்டும் தட்டவில்லை. நான் மூட்டையை இறக்கி, கத்தரியை எடுத்து அந்தப் புது பெல்ட்டை வெட்டினேன்.

செவந்தி பதறி ஓடி வந்தாள். "ஏங்க மேடம், நல்லாத்தானே தாங்குச்சு? அதைப் போயி வெட்டுறீங்க?"

"தாங்குனதாலதான் வெட்டுறேன். இனிமே இதை நம்பக் கூடாது. இதோட பொறந்த மத்த ஒம்போதையும் நம்பலாம்."

அவள் கொஞ்ச நேரம் மணல் மூட்டையையே பார்த்தாள். "அப்ப ஒன்னைக் காவு குடுத்து மத்ததைக் காப்பாத்துறீங்க."

அப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். உச்சி வெயிலில் விவாதம் செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

"அந்த பெல்ட்ட வெட்டுறது என் தாலிய வெட்டுற மாதிரின்னு நெனச்சேன் மேடம். அதுவும் காவுதான்னா, சரி, வெட்டிருங்க. ஆனா கருப்பரு முன்னாடிதான் வெட்டணும். கத்தரி வேணாம், அருவாதான்."

எங்கே வெட்ட வேண்டும், எதனால் வெட்ட வேண்டும் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. பெல்ட் ஒழிந்தால் போதும் என்று நானும் கிளம்பிப் போனேன். பூசாரி பெல்ட்டுக்கு மாலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, கிடா சிலுப்புமா என்று பார்க்கிற மாதிரி பழக்க தோஷத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஓங்கி வெட்டினார். அரிவாள் வழுக்கிக்கொண்டு போனது. கட்டையில் வைத்து ரொம்ப நேரம் மாறி மாறி வெட்டிய பிறகுதான் துண்டானது. நாகராசு கையெடுத்துக் கும்பிட்டான். செவந்தி அழுதாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆளுக்கொரு துண்டு வச்சுக்கிறோம் மேடம்" என்றாள்.

வெட்டிய துண்டில் என்ன ஆபத்து இருக்கிறது? பர்ஸில் திருநீறு வைத்துக்கொள்வது போலத்தானே. "வச்சுக்கங்க" என்றேன். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள், பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பஸ் தாமதம். சைட்டுக்குள் நுழையும்போதே அண்ணாந்து பார்த்தேன். கூரையின் உச்சியில் நாகராசு தகரம் பூட்டிக்கொண்டிருந்தான். புது பெல்ட் மாட்டியிருந்தான். கம்பியைக் கட்டிக்கொள்ளவில்லை, கண்ணை மூடவில்லை. சிரிப்பு வேறு. மற்றவர்கள் கீழே தகரம் தூக்கிக்கொண்டிருந்தார்கள். என் மனசு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது நாம் சொன்னது நடந்ததே என்று நினைத்தேன்.

செவந்தி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏறிட்டாரு மேடம்!"

அவள் விரல்களில் துணி சுற்றியிருந்தது. "கையில என்ன?"

"கோணி ஊசி குத்திருச்சு. அந்த பெல்ட்டு நாடா என்னா தடிமன்! நேத்து சாயங்காலம் ஸ்டோர்ல ஒம்போது பெல்ட்டையும் வாங்கி வச்சு, ஒவ்வொன்னுலயும் தோள்பட்டையில அந்தத் துண்ட வச்சுத் தச்சுட்டேன். எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் ரெட்டைத் தையல். ராசி எல்லாருக்கும் வேணும்ல?"

சாக்கு தைக்கிற ஊசியை, ஆளைத் தாங்கும் நாடாவில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் குத்தி இழுத்திருக்கிறாள். ஒவ்வொரு குத்திலும் எத்தனை இழை அறுந்ததோ. தாங்கினாலும் தாங்கும். ஆனால் தாங்கினாலும் தாங்கும் என்று நம்பி ஏறியவர்களைத்தான் நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் நின்ற ரகுநாத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. கத்த வாயைத் திறந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "சத்தம் போடாதீங்க சார். பயந்தான்னா பழையபடி நின்னுருவான்."

பிறகு மேலே பார்த்து, முடிந்தவரை சாதாரணமாகக் கூப்பிட்டேன். "நாகராசு! டீ வந்துருச்சு, எறங்கி வாப்பா."

"இப்பத்தானே மேடம் ஏறுனேன்! இந்த வரிசைய முடிச்சுட்டு வாரேன்."

"ஆறிப்போயிரும்ப்பா."

செவந்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் அவள் கைத் துணியைப் பார்த்தேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள், மேலே புருஷனைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "ஏங்க, வாங்க. வடையும் இருக்கு. சூடா இருக்கு."

"வடையா? இந்தா வாரேன்!"

கொக்கியை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒவ்வொரு படியாக அவன் இறங்கினான். அவ்வளவு அழகாக அவன் இறங்கி நான் பார்த்ததில்லை. செவந்தி என் கையை நெரித்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் துணியின் ஈரம் என் உள்ளங்கையில் ஒட்டியது.

அவன் கால் தரையில் பட்டதும் அவள் ஓடிப்போய் மண்டியிட்டு, அவன் தொடைப் பட்டையின் பக்கிளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"இருடி, திரும்ப ஏறணும்ல" என்றான் அவன். தோளில் இருந்த குங்குமத் துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சிரித்தபடி என்னைப் பார்த்தான். "பயமே இல்ல மேடம். டீ எங்க?"

பையிலிருந்து எடுத்த கத்தரியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, "வருதுப்பா, உக்காரு" என்றேன்.