மூஞ்சியில் காட்டாதே

நாடகப் பள்ளியில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சின்னவள் சொன்னபோது அம்மா ஒன்றுதான் கேட்டாள். இரண்டு வருஷம் உட்கார்ந்து படிக்க அதில் என்ன இருக்கிறது, பிறந்ததிலிருந்தே நீ அதைத்தானே செய்துகொண்டிருக்கிறாய் என்றாள்.

அது வெறும் கிண்டல் இல்லை. கட்டட வேலையில் சின்னவளுக்குப் பெயரே மைக்செட். மேஸ்திரி நடக்கிற நடையை, காறித் துப்புவதை, முதலாளி கார் வந்ததும் அவர் குரல் குழைவதை அவள் செய்து காட்டினால், சாரத்தின் மேல் நிற்கிறவர்கள் சிரித்துத் தடுமாறிக் கீழே விழப் பார்ப்பார்கள். லீவு நாளெல்லாம் அம்மாவோடு கலவைச் சட்டி சுமந்துதான் அவள் டிகிரி முடித்தாள். இப்போது காண்டிராக்டர் ஆபீஸில் ஆள் கணக்கு எழுத வரச் சொல்லியிருந்தார்கள். நிழலில் நாற்காலி போட்ட வேலை. அதில் சேர்ந்தால் அம்மா சட்டியை இறக்கி வைக்கலாம். படிக்கப் போனால் அது முடிகிறவரை அம்மாதான் தூக்க வேண்டும். சேர்கிறாளா இல்லையா என்பதை, பள்ளியைப் பார்க்க வருகிற அன்றே, சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

அம்மாவும் கூட வந்தாள். நகரத்தில் அக்கா இருந்தாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்பு தேய்க்கிறவள். சூட்டிலும் ஈரத்திலும் அவள் விரல் நுனிகள் ரேகை தேய்ந்து வழுவழுத்திருந்தன. அவள் அறையில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைக் காட்டுகிற ஜன்னல். சின்னவளுக்கு அவள் அதற்குள் இடம் ஒதுக்கிவிட்டிருந்தாள். சுவர்ப்பக்கம் உனக்கு, விளிம்பு எனக்கு, உருண்டால் விழப்போவது நான்தானே என்றாள்.

பள்ளி ஒரு பழைய கிடங்கில் நடந்தது. கூட வந்தவர்கள் சுவரோரப் பெஞ்சில் உட்காரலாம் என்றார்கள். அம்மா செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்திருக்கிற ஒவ்வொருவரும் ஒரு பாரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும், கையில் எதுவும் கிடையாது என்றார் ஆசிரியை. ஒரு பையன் பாறாங்கல்லைத் தூக்கினான். முக்கினான், முனகினான், கழுத்து நரம்பு புடைக்க விழுந்து எழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அப்படித் தூக்கினால் மத்தியானத்துக்குள் ஆள் காலி என்று நினைத்து சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. துணியைச் சும்மாடாகச் சுருட்டுவதுபோல் கையைச் சுழற்றித் தலையில் வைத்தாள். குனிந்து சட்டியை ஏற்றினாள். சாரப் பலகையில் ஏறுவதுபோல் அடி வைத்துப் போனாள். முகத்தில் ஒன்றுமில்லை. காலையில் மேஸ்திரி ஆள் பொறுக்கும்போது, முதல் சட்டிக்கே முகம் சுளிக்கிறவளை மணல் சலிக்க அனுப்பிவிடுவார். அதற்குக் கூலி குறைவு. இன்னொரு நாளும் சுளித்தால் அதுவும் கிடையாது. அதனால் சட்டி தூக்கப் பழகும்போதே முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொள்ளவும் பழகிவிடுவார்கள். மூஞ்சியில் காட்டாதே என்பதைத்தான் அம்மா அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"பாரம் எங்க இருக்கு?" என்று ஆசிரியை கேட்டார்.

"தலையில இருக்கு மேடம்."

"எனக்குத் தெரியலையே."

"தெரிஞ்சா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. இங்கே யாரும் அனுப்பமாட்டார்கள் என்றார். நன்றாக மறைக்கிறாய், ஆனால் மறைப்பதைப் பார்க்கவா ஜனங்கள் வந்து உட்காருவார்கள் என்று கேட்டார்.

அது நியாயம் என்றுதான் சின்னவளுக்குப் பட்டது. மறுபடி தூக்கினாள். பாதிப் பலகையில், அவள் எதுவும் யோசிக்காமலே, கழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. இடது கை சட்டியை விட்டுத் தொங்கியது. வலது கையால் மட்டும் சட்டியைப் பிடித்துக்கொண்டு, தொங்குகிற கையைத் தொடையில் தட்டினாள், செத்ததை எழுப்புகிற மாதிரி. வாய் கோணியது. யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. மேஸ்திரியைக் காட்டிச் சிரிக்க வைத்தது வேறு, இது வேறு என்று அவளுக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. இதற்காக எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம் போலிருந்தது. ஆசிரியை அவள் தோளில் கை வைத்து, "இங்க வந்து சேர்ந்துடு" என்று மட்டும் சொன்னார்.

திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் அம்மா இல்லை. தெருவில் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"எதும்மா?"

"கை விஷயம்தான். பெரியவகிட்டகூட நான் சொல்லலையே." அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இத்தனை பேர் முன்னாடி என்னைக் காட்டிட்டியேடி."

சின்னவளுக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் சட்டி சுமந்த நாட்களில் கண் பார்த்ததை மனசு வாங்கவில்லை. உடம்பு வாங்கி வைத்திருந்தது. எனக்குத் தெரியாதும்மா என்று சொன்னால் அம்மா நம்பப்போவதில்லை. மீதியை அம்மாவே சொன்னாள். போன மழைக்காலத்திலிருந்து இடது கையில் உணர்ச்சி இல்லை. கழுத்து எலும்பு தேய்ந்து நரம்பை நசுக்குகிறது, தலையில் பாரம் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரைப் பார்த்த மறுநாள் காலையே அம்மா வழக்கம்போல வேலைக்குப் போயிருந்தாள்.

"நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன்" என்றாள்.

மத்தியானம் அறையில் அக்கா கத்தினாள். கை போனால் யாருக்கு நஷ்டம், அதைச் சொல்ல ஒரு வாய் இல்லையா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, எல்லோரும் இங்கேயே வந்து கிடங்கள், என்னால் ஆனதைப் பார்க்கிறேன் என்றாள்.

"மூணு பேரும் ஏறிப் படுத்தா, என் கழுத்துக்கு முன்னாடி உன் கட்டில் போயிடும்" என்றாள் அம்மா. சின்னவள் படிப்பில் சேரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். சொன்னபோது வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சின்னவள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள். "எனக்கு அந்த இடம் புடிக்கலம்மா" என்றாள்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். கல்லைத் தூக்கினானே ஒருத்தன், அவன் முனகலை ரெண்டு வருஷம் கேட்டா என் காது போயிடும்."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா சிரித்தாள். தோள் இறங்கியது. நெற்றி இளகியது. இன்னும் ஒரு தடவை கேட்பாள், அதெல்லாம் முடியாது போய்ப் படி என்று திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அப்படித் திட்டியிருந்தால் போயிருப்பாளோ என்னவோ. அம்மா திட்டவில்லை. கட்டிலில் சாய்ந்து, சோறு ஆறுவதற்குள் தூங்கிப்போனாள்.

சின்னவள் மட்டும் பள்ளிக்குத் திரும்பிப் போனாள். ஆசிரியை வகுப்பில் இருந்தார். அலுவலகத்தில் இருந்தவர் காரணம் கேட்டார். வீட்டு நிலைமை என்றாள். அவர் இரக்கமாகத் தலையாட்டிவிட்டு, அவள் படியிறங்குவதற்குள் காத்திருப்புப் பட்டியலில் இருந்த அடுத்த ஆளுக்கு போன் போட்டார். அந்தப் பக்கத்தில் யாரோ சந்தோஷத்தில் போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.

ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நகரம் முடிகிறவரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு இடது கையை வலது கையால் எடுத்து, ஒரு சாமானை வைப்பதுபோல் மகளின் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் அமுக்கிவிடு."

அம்மா இப்படிக் கேட்டதே இல்லை. சின்னவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். காய்ப்புக் காய்த்த உள்ளங்கையைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"இங்க தெரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல. நீ அமுக்கு."